திட்டவாவது வந்தார்கள்

தேசிய அணி தோற்றால் இந்தியக் கால்பந்து ரசிகருக்குச் சேர்ந்து அழக்கூட ஆள் கிடைப்பதில்லை. ஆனாலும் அவர் மைதானத்துக்கு வருவதை விட்டுவிடவில்லை.

2024 மார்ச் 26. குவாஹாத்தி மைதானத்தில் கிட்டத்தட்ட கல்யாணக் களை. கேப்டன் சுனில் சேத்ரிக்கு அது 150-வது சர்வதேச ஆட்டம். பந்து உருளும் முன்பே பாராட்டு நடந்து முடிந்திருந்தது. 38-வது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவரே கோலாக்கினார். இனி வெற்றியை எண்ணி வீட்டுக்கு எடுத்துப்போவதுதான் பாக்கி என்று கூட்டம் நினைத்தது. 70-வது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் சமன் செய்தது. 88-வது நிமிடத்தில் அவர்களுக்கும் ஒரு பெனால்டி. 1-2.

அப்போது உலகத் தரவரிசையில் இந்தியாவுக்கு 117-வது இடம், ஆப்கானிஸ்தானுக்கு 158. தன் 'உள்ளூர்' ஆட்டத்தைக்கூட சவூதி அரேபியாவில் ஆட வேண்டிய நிலையில் இருந்த அணி அது. அதனிடம் சொந்த மண்ணில் தோல்வி. கைதட்டிய கைகள் வாயருகே குவிந்தன. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் வெளியேற வேண்டும் என்று கோஷம் எழுந்தது.

அந்தக் கூச்சலைக் கேட்டவர்கள் அதை அவமானம் என்றார்கள். இந்தியக் கால்பந்தின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அது வேறு மாதிரியும் கேட்டிருக்கும்.

இரவல் துக்கம்

கால்பந்துத் தோல்வியைத் தாங்குவதில் இந்தியர்களுக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்டேயில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று நொறுங்கியபோது, கொல்கத்தாவிலும் மலப்புரத்திலும் விடிய விடியத் தூங்காமல் பார்த்தவர்கள் ஏராளம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் கட் அவுட் எழுந்தது. முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது அர்ஜென்டினா. காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் வெளியேறியது பிரேசில்.

ஆனால் அந்தத் துக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பிரேசில் தோற்றால் கேலி செய்ய அடுத்த வீட்டில் ஓர் அர்ஜென்டினா ரசிகர் இருப்பார். திருப்பிக் கொடுக்க நாலு வருஷத்தில் வாய்ப்பு வரும். டீக்கடையில் ஊரே கூடிப் பிரேதப் பரிசோதனை நடத்தும். இரவல் துக்கம்தான் என்றாலும் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது.

இந்தியா தோற்றால்? பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் நடந்ததே தெரியாது. கிரிக்கெட் அணி தோற்ற மறுநாள் அலுவலகமே இருண்டு கிடக்கும். கால்பந்து அணி தோற்ற மறுநாள், நொந்துபோன ரசிகர் முதலில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு யார் யாரோடு ஆடினார்கள் என்று விளக்க வேண்டும். அதற்குள் பாதி துக்கம் வெட்கமாக மாறிவிடும்.

கேப்டனின் அழைப்பு

இது எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் சேத்ரி. 2018 ஜூன் மாதம் மும்பையில் சைனீஸ் தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. அவர் ஹாட்ரிக் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் வீடியோவில் கைகூப்பாத குறையாகப் பேசினார். பாராட்ட வேண்டாம், விமர்சியுங்கள், திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பதே அதன் சாரம். அடுத்த ஆட்டம் கென்யாவுடன். அவருக்கு அது 100-வது. கொட்டும் மழையிலும் அரங்கு நிறைந்தது. இந்தியா 3-0 என்று ஜெயித்தது.

ஆக, ஆறு ஆண்டுகள் கழித்துக் குவாஹாத்தியில் நடந்தது அவர் கேட்டுக்கொண்டதுதான். வந்தார்கள், திட்டினார்கள். எதிரியிடம் கோபப்படுவது சுலபம். சொந்த அணியைப் பார்த்துக் கத்த வேண்டுமானால், முதலில் அது தன்னுடையது என்று நினைக்க வேண்டும்.

நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் தொடங்கிய 'ப்ளூ பில்கிரிம்ஸ்' ரசிகர் குழு நீலச் சட்டையும் முரசுமாக அணியைப் பின்தொடர்கிறது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கும் இந்தியர்கள் திரண்டு வந்து அரங்கை நீலமாக்கினார்கள்.

பழி போட ஒரு கோல்

தோற்ற ரசிகரின் மனம் முதலில் தேடுவது ஒரு குற்றவாளியை. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் அது கிடைத்தது. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 73-வது நிமிடத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைக் கத்தார் வீரர் உள்ளே இழுக்க, அது கோலானது. நடுவர் அனுமதித்தார். வீடியோ நடுவர் வசதி அங்கே இல்லை. முடிவில் 1-2. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்கு முதன்முறையாகப் போகும் கனவு கலைந்தது. தேசம் பார்க்காத அணிக்காகத் தேசமே ஒரு நாள் கொதித்தது.

கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்தப் பிரிவில் கத்தாருக்கு அடுத்து வந்து மூன்றாம் சுற்றுக்குப் போன குவைத் எடுத்தது 7 புள்ளிகள். இந்தியா எடுத்தது 5. குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானை வென்றிருந்தால் இந்தியாவுக்கு 8. தோஹாவில் தோற்றிருந்தாலும் கவலையில்லை. திருட்டு தோஹாவில் நடந்திருக்கலாம். பெட்டியைப் பூட்டாமல் விட்டது குவாஹாத்தியில். ஸ்டிமாச் அதே மாதம் நீக்கப்பட்டார்.

இரண்டாவது மருந்து பழம்பெருமை. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். தாத்தாவின் நிலபுலன்களைப் பற்றிப் பேசுவது போன்ற ஆறுதல் இது. பேசும்வரை இதமாக இருக்கும். பேசி முடித்ததும் கையில் எதுவும் இருக்காது.

மர்கோவாவில் மறுபடியும்

ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. உள்நாட்டு லீக்கோ ஒப்பந்தச் சிக்கலில் தொடங்காமல் தள்ளிப்போனது. செப்டம்பரில் புதிய பயிற்சியாளர் காலித் ஜமீலின் கீழ், மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தபோது ரசிகர்கள் மறுபடி நம்பத் தொடங்கினார்கள். நம்பிக்கைக்கு ஆயுள் ஒரு மாதம். அக்டோபர் 14 அன்று மர்கோவாவில் சாங்டே முதலில் கோல் போட்டும் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. 22 ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி.

முன்னிலை பெற்றுவிட்டுத் தோற்பது குவாஹாத்தி, தோஹா, மர்கோவா மூன்றிலும் ஒரே கதை. மூன்றிலும் ஸ்கோர்கூட ஒன்றுதான். இத்தனைக்குப் பிறகு ரசிகருக்கு மிச்சம் என்ன?

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். குவைத்துடன் கோலே இல்லாமல் டிரா. வெற்றி இல்லை, கொண்டாட ஒன்றுமில்லை. வந்திருந்த கிட்டத்தட்ட 59 ஆயிரம் பேரிடையே, கண்ணீரோடு மைதானத்தைச் சுற்றி வந்து கும்பிட்டார் கேப்டன். குவாஹாத்தியில் கத்தியவர்களும் இவர்களும் ஒரே ஜாதி. அங்கே கூச்சல், இங்கே கண்ணீர். இரண்டும் வந்தவர்களால் மட்டுமே முடியும்.

கூச்சல் கேட்கிறவரை இந்த அணிக்கு ஆள் இருக்கிறது. பயப்பட வேண்டியது, இன்னொரு 1-2-க்குப் பிறகு அரங்கில் யாருமே கத்தாத நாளைத்தான்.