கீழே வைக்க முடியாத கிண்ணம்

பனையோலையில் மடித்த பிளாவைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சரிந்து, கள்ளு மண்ணுக்குப் போய்விடும். கையில் வாங்கினால் முடிக்கும்வரை கையில்தான். துணுக்காய்ப் பக்கம் பனங்கள்ளுக் காலத்தில் ஆட்கள் பிளாவை இரண்டு கையாலும் ஏந்திக் குந்தியிருப்பதைப் பார்த்தால் ஏதோ மரியாதைக்குச் செய்வதுபோலத் தோன்றும். மரியாதை ஒன்றுமில்லை. பிளாவுக்கு அடி இல்லை, அவ்வளவுதான்.

செய்வதற்கு ஒரு துண்டு பனையோலை போதும். ஓலையின் இயற்கை மடிப்பைக் கிழியாமல் விரித்து, தோணி மாதிரிக் குழித்து, நுனியைக் கூட்டிப் பிடித்து, அதே ஓலையில் கிழித்த நாரால் ஒரு முடிச்சு. பழகிய கைக்கு ஒரு நிமிடம் பிடிக்காது. காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும் என்பதால் பச்சை ஓலைதான் வேண்டும். கள்ளோடு ஓலையின் வாசமும் சேர்ந்து வாய்க்குள் போகும். கண்ணாடிக் கிளாசில் அதே கள்ளைக் குடித்தால் ஏதோ குறைகிறது என்று சொல்லுபவர்கள் வெறும் பழமைக்காகச் சொல்லவில்லை. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பதும், எங்கள் ஊரில் ஒடியற்கூழைப் பிளாவில் குடிப்பதும் இதே கணக்குத்தான்.

கீழே வைக்க முடியாத கிண்ணம் யப்பானிலும் உண்டு. தெற்கே கொச்சி என்ற மாநிலத்தில் (கேரளத்துக் கொச்சி அல்ல) அரிசியில் வடிக்கும் சாக்கே மதுவைக் குடிக்க 'பெக்குஹாய்' என்றொரு களிமண் கிண்ண வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று நீள மூக்குப் பூத முகம். மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் நிற்காது. இன்னொன்றின் வாயில் ஓட்டை. விரலால் அடைத்துக்கொண்டு குடிக்க வேண்டும், விரலை எடுத்தால் மடியெல்லாம் மது. பம்பரம் சுற்றி, அது யாரைக் காட்டுகிறதோ அவர் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு. பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 'பெக்கு' என்று வாசிக்கும் எழுத்து பழைய சீனநடை வாக்கியத்தில் மேலே வருமே தவிரக் கீழே வராது. அதைப்போல இந்தக் கிண்ணத்தையும் கீழே வைக்கக்கூடாதாம்.

நாளாந்தம் பாவிக்கும் சாக்கே கிண்ணத்துக்கு அடி உண்டு. சின்னதை 'ஒச்சோக்கோ' என்பார்கள், அதைவிடச் சற்றுப் பெரியது 'குயினோமி'. 'குயி' என்றால் மடக்கென்று விழுங்கும் ஒலி. பெரியது என்று சொன்னாலும் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். கள்ளில் மதுசாரம் ஐந்து வீதமளவில் நிற்கும், சாக்கேயில் பதினைந்து. பிளா நிறைய ஊற்றினால் எழும்ப முடியாது. சின்னதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை, பக்கத்திலிருப்பவர்தான் ஊற்ற வேண்டும். கிண்ணம் சின்னதென்றால் அடிக்கடி வெறுமையாகும், அடிக்கடி ஊற்ற வேண்டிவரும், பேச்சும் அறாது.

எனக்கு உறவுக்காரப் பெடியன் ஒருவன் யப்பானிலிருந்து ஒரு குயினோமி கொண்டுவந்து தந்தான். ஹகி ஊர்க் கிண்ணம் என்றான். முதலில் பார்த்தபோது, சொன்னால் கோவிக்கக்கூடாது, பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். பால் கலந்த செம்மண் நிறம். விளிம்பு ஒருபக்கம் தாழ்ந்திருந்தது. சக்கரத்தில் சுற்றும்போது குயவர் விரல் போன தடம் உள்ளே சுருளாக அப்படியே கிடந்தது. மேற்பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்புகள். கையில் வைத்துத் திருப்பியபோதுதான் பெருவிரல் ஒரு குழியில் தானாகப் போய் உட்கார்ந்தது. இன்னொருவரின் பெருவிரல் இருந்த இடம் அது.

அந்த வெடிப்புகள் பழுது அல்ல. சூளையிலிருந்து ஆறும்போது மேற்பூச்சு மண்ணைவிடக் கூடச் சுருங்குவதால் வருகிறவை. ஹகி மண் இறுகாமல் சற்றுத் தளர்வாக வேகும். வெடிப்பு வழியே மதுவும் தேநீரும் மண்ணுக்குள் மெல்ல ஊறி, வருடக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போகும். 'ஹகியின் ஏழு மாற்றம்' என்று இதற்குப் பெயரே உண்டு. கடையில் வாங்கும்போது கிண்ணம் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியைக் குடிக்கிறவர் முடிக்க வேண்டும். இந்த ஹகித் தொழிலே யப்பானுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. 1592 முதல் 1598 வரை கொரியாமீது நடந்த படையெடுப்பில் கொரியக் குயவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஹகிச் சூளைகளை அவர்களே தொடக்கினார்கள். போரில் இடம்பெயர்ந்த கை என்றால் எங்களுக்குக் கொஞ்சம் விளங்கும்.

மண்ணுக்குள் ஊறுகிற கதை சீவல் தொழில் செய்கிறவருக்கும் புதிதல்ல. பாளையில் கட்டும் முட்டி மண் முட்டிதான். பழகிய முட்டியின் நுண்துளைகளில் முந்திய நாள் கள்ளின் மதுவம் (ஈஸ்ட்) ஒட்டியிருக்கும். அதனால் உறை எதுவும் ஊற்றாமலே அடுத்த பாளைநீர் தானாகப் புளிக்கத் தொடங்கும். அதே முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிப்பு அடங்கி, சின்னப்பிள்ளையும் குடிக்கும் கருப்பணி இறங்கும். ஒரே மரம், ஒரே பாளை. உள்ளே பூசிய பூச்சுத்தான் அது கள்ளா கருப்பணியா என்று தீர்மானிக்கிறது.

விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கே கிண்ணத்தை வாங்குகிறவர்கள் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார்கள். மெல்லிய விளிம்பில் மது நாக்கில் கூராக விழும், தடித்த விளிம்பில் மெதுவாகப் பரவும். எங்கள் பழைய வீடுகளில் இருந்த மூக்குப்பேணிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பித்தளைப் பேணியின் மூக்கால் அண்ணாந்து ஊற்றுவது, உதடு படாது. சுத்தம் என்று சொல்லுவார்கள். சுத்தம் மட்டும்தானா? தேநீர்க்கடையில் சாதி பார்த்துச் சிலருக்குக் கிளாஸ், சிலருக்குச் சிரட்டை அல்லது போத்தல் என்று வைத்திருந்த ஊர்கள் இவை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்தித்தான் கிளாஸ் கைக்கு வந்தது. இன்று விருந்தினர் விடுதிகளில் சிரட்டைக் கோப்பையை மினுக்கி 'இயற்கை' என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை. பிளாவும் அந்தக் கதைக்கு வெளியே நின்ற சாமான் இல்லை. குடித்ததும் எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், யார் வாய் வைத்தது என்ற கேள்வியும் வராது.

சரி, அந்தக் குயினோமிக்கு வருவோம். சாக்கேக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வளவில் இறக்கிய உடன் கள்ளில் கொஞ்சம் ஊற்றினேன். பாதிக் கிண்ணம் நுரை. மீதி ஒரு மிடறுகூட வரவில்லை. திரும்ப ஊற்றினேன், திரும்ப நுரை. கள்ளு இறக்கியவர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அண்ணை, இதென்ன, காய்ச்சல் மருந்தோ?" என்றார். நுரைக்கிற குடிவகைக்கு அகன்ற வாய் வேண்டும் என்பது பிளாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பெடியன் சொல்லியிருந்ததை நான் செய்யவுமில்லை. புதுக் கிண்ணத்தை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். துளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டால் பிறகு ஊற்றுவது அவ்வளவாக உள்ளே இறங்காதாம். பாவித்த பின் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாள் வெயிலில் வைத்தும் என் கிண்ணத்தில் புளித்த கள்ளின் மணம் போகவில்லை. வெடிப்புக் கோடுகள் இரண்டு இலேசாகப் பழுப்பேறியும் இருக்கின்றன. ஏழில் ஒன்று ஆகிவிட்டது.