பழமலையும் முதுகுன்றமும்: மூப்புணர்த்தும் சொற்களின் வழக்கு

ஒருபொருள் குறித்த பல சொல் என்றும், பல பொருள் குறித்த ஒரு சொல் என்றும் திரிசொல்லை இரு கூறாக்கினார் தொல்காப்பியர். அப்பாகுபாடு செய்யுளுக்குரிய திரிசொல்லைப் பற்றியதேனும், அந்நோக்கு நாள்வழக்குச் சொற்களை ஆராய்வார்க்கும் பெரிதும் துணை செய்வது. ஒருபொருட் சொற்கள் எனத் தோன்றுவன பலவும் உண்மையில் ஒரே இடத்தில் நிற்பன அல்ல. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைப்பின் பொருள் திரியும். சிலபோது மாந்தர்தம் மதிப்பும் குறையும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஓல்டு’ என்னும் அடைமொழி மிகப் பரந்த ஆட்சியுடையது. துணி, மரம், மனிதர், நண்பர், முன்பு பணிபுரிந்த ஆசிரியர் ஆகிய அனைவர்க்கும் அனைத்திற்கும் அவ்வொரு சொல்லே அமையும். ஆயின் அதற்கு எதிர்ச்சொல் கேட்பின் இரண்டு கிடைக்கும்: ஒன்று புதுமையைக் குறிப்பது, மற்றொன்று இளமையைக் குறிப்பது. ஆங்கிலம் எதிர்ச்சொல்லில் மட்டும் காட்டும் இவ்வேறுபாட்டைத் தமிழ் முதற்சொல்லிலேயே காட்டிவிடுகின்றது. பழமைக்கு மறுதலை புதுமை. முதுமைக்கு மறுதலை இளமை. இவ்வளவுகோலைக் கைக்கொள்ளின் ஏனைய சொற்களின் இடமும் விளங்கும்.

‘பழ’ என்பது பெரும்பாலும் பொருளையும் வழக்கத்தையும் சாரும். பழஞ்சோறு, பழந்துணி, பழங்கணக்கு என்பன காண்க. இவற்றுள் ‘முது’ புகாது. ‘முது’ என்பதோ வளர்ந்து முதிர்வனவற்றைச் சாரும். முதுமரம், முதுமகள் என்பன அவ்வாறு வந்தன. வெள்ளாற்றங்கரையிலுள்ள சேத்தியாத்தோப்பு வட்டாரம் கரும்பு விளையும் நிலம்; சர்க்கரை ஆலையும் அங்குண்டு. அங்குள்ள உழவரிடம் முற்றிய கரும்பு என்றால் வெட்டும் பருவம் எய்தியது என்று கொள்வர். பழைய கரும்பு என்றால் வெட்டி நாட்பட்டுச் சாறு வற்றியது என்று கொள்வர். முன்னது விலை பெறும். பின்னது விலை இழக்கும். இலக்கணம் கல்லாதாரும் இவ்வேறுபாட்டில் தவறுவதில்லை.

‘தொல்’ என்பது தோற்றத்தின் சேய்மையை உணர்த்தும். தொல்குடி, தொல்பொருள் என்னும் வழக்குகள் அத்தகையன. இதன் வழிவந்த ‘தொல்லை’ என்னும் சொல் முற்காலத்தில் பழமையைக் குறித்து, இக்காலத்தில் துன்பத்தையே குறித்தல் வியப்புக்குரியது. ‘மூத்த’ என்பது ஒப்புமை பற்றியது. ஐந்து வயதுச் சிறுவனும் தம்பியை நோக்க மூத்தவனே. பதவியில் முன்பிருந்தாரைக் குறிக்க ‘முன்னாள்’ என்பதே பொருந்தும். நெடுநாள் நட்பின் உரிமையைக் கூறும் 81ஆம் அதிகாரத்திற்குத் திருவள்ளுவர் ‘பழைமை’ எனப் பெயரிட்டமையும் கருதத்தக்கது. நட்பு மூப்பெய்துவதன்று, பழகப் பழக உறுதி பெறுவது.

மட்கலம் ஒன்றைக் கொண்டே இவற்றின் வேறுபாட்டை உணரலாம். வீட்டின் மூலையில் கிடப்பது பழம்பானை. ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழி, ஆய்வாளர்க்குத் தொல்பொருள். அத்தாழிக்கு மக்கள் வழங்கிய பெயரோ முதுமக்கள் தாழி. கலம் மண்ணே எனினும், உள்ளிருப்பவர் மாந்தர் ஆதலின் அங்கே ‘முது’ வந்தது.

இனி, சேத்தியாத்தோப்பிற்கு மேற்கே, பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தை நோக்குவாம். தேவார மூவரும் பாடிய இத்தலம் அப்பாடல்களில் முதுகுன்றம் எனப்படும். பழமலை என்பது மற்றொரு பெயர். பழமலை என்னுங்கால் மலை ஒரு பொருளாக நிற்கின்றது; முதுகுன்றம் என்னுங்கால் அது மூப்புடைய உயிர்போல் நிற்கின்றது. வடமொழியில் ‘விருத்த’ என்பது வளர்ந்து மூத்தமையைக் குறிப்பது. ஆதலின் விருத்தாசலம் என்பது முதுகுன்றம் என்பதற்கே நேர்பெயர்ப்பாதல் தெளிவு.

இத்தலத்து இறைவிக்கு விருத்தாம்பிகை என்பது பெயர். குரு நமசிவாயர் என்பார் அவ்வம்மையைக் ‘கிழத்தி’ என விளித்துப் பாடி உணவு வேண்டினார் என்றும், முதியவள் எங்ஙனம் சோறு கொணர்வாள் என அம்மை வினவினாள் என்றும், பின்னர் இளையவளாகப் பாட இளமைக் கோலத்தில் வந்தாள் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. பாலாம்பிகை என்னும் பெயர் இதனோடு இயைவது. ஈண்டும் முதுமைக்கு எதிராக நின்றது இளமையே, புதுமையன்று.

இவ்வரலாற்றின் சுவை ‘கிழத்தி’ என்னும் சொல்லின் இருபொருளில் உள்ளது. கிழமை என்பது உரிமை. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என வருவன தலைவனையும் தலைவியையும் குறிக்கும். ‘முதுமொழிக்காஞ்சி’ பாடிய மதுரைக் கூடலூர் கிழார் பெயரிலும் அவ்வுரிமைப் பொருளே உள்ளது. உரிமையுடையார் பெரும்பாலும் மூத்தோர் ஆதலின் மூப்புப் பொருளும் அச்சொல்லுக்கு உரியதாயிற்று எனக் கொள்ளத்தகும். இவ்வேறுபாடு அறியாத மாணவர் அகப்பொருள் இலக்கணத்தில் வரும் கிழவனை நரைமூதாளனாகக் கருதி இடர்ப்படுவதை வகுப்பறையில் காண்கின்றோம்.

இன்றோ அச்சொல் உரிமைப் பொருளை இழந்ததோடு, பேச்சு வழக்கில் மதிப்பும் குறைந்து நிற்கின்றது. அரசின் உதவித்தொகைக்கு ‘முதியோர்’ என்னும் சொல்லை ஆண்டமை நன்று. அவரைக் கிழவர் என்றால் இக்காலத்தில் இழிப்பாகும். பழையவர் என்றால் பயன் தீர்ந்த பொருளோடு ஒப்பிட்டதாகும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லென எண்ணிக் கொள்ளாது, அதன் மறுதலை யாது என முதற்கண் வினவுவாராயின் இப்பிழை நேராது. முதுமை என்பது முதிர்ச்சி. அதனைத் தேய்வாகக் காட்டாத சொல் நம் மொழியில் உண்டு. அதனை உரிய இடத்தில் வழங்குதல் நம் கடனாகும்.