வாயில்லா ஜீவனுக்கு வகுப்பறையின் பங்கு

1959இல் சென்னையில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும், நாட்டின் தொடக்ககாலப் பெண் விமானிகளில் ஒருவரான அவருடைய மனைவி உஷாவும் தொடங்கிய அமைப்புதான் இந்திய புளூ கிராஸ். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விடும் முறையை 1964இலேயே இந்த அமைப்பு கையில் எடுத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. கல்வி நிலைய வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டதால், காப்பகங்களின் சுமை இனி கூடத்தான் செய்யும். மயக்க மருந்து, தையல், தீனி, கூண்டு என எல்லாவற்றுக்கும் அவை பெரிதும் நம்பியிருப்பது நன்கொடையைத்தான்.

இதில் பள்ளி என்ன செய்யலாம்? வகுப்பு வகுப்பாக உண்டியல் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து ரூபாய் கொண்டுவர இயலாத பிள்ளை அன்று முழுவதும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். அரசுப் பள்ளியில் அப்படி எத்தனை பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் பயன்படாமல் கிடப்பதைக் கேட்கலாம்: பழைய செய்தித்தாள், சாக்கு, நைந்த போர்வை, துண்டு. குட்டிகளுக்கு அடியில் விரிக்கத் தாள் தினமும் தேவை. இரண்டு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் காய்ந்த சாக்குக்கு உள்ள மதிப்பைக் காப்பகத்தில் வேலை செய்பவரிடம் கேட்டால் தெரியும்.

பணம் வேண்டுமென்றால் உழைப்பை விற்கலாம். நமக்குச் சிரட்டைக்கும் பனை ஓலைக்கும் பஞ்சமில்லை. சிரட்டையில் பேனா தாங்கி, ஓலையில் சிறுபெட்டி செய்து ஆண்டு விழாவில் வைக்கலாம். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் வரும் இலாபம், நட்டம், தள்ளுபடி எல்லாம் அந்த மேசையிலேயே வந்துவிடும். ஓலை இலவசமாகக் கிடைத்தது என்றால் அடக்கவிலை பூஜ்ஜியமா, முடைந்தவரின் இரண்டு மணி நேரத்துக்கு விலை உண்டா என்று பிள்ளைகளே வாதிடட்டும். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

தொடக்க வகுப்புக்கு ஒரு கதை. இங்கிலாந்தின் ஸ்லாவ் ரயில் நிலையத்தில் 1890களில் ஜிம் என்ற நாய் முதுகில் உண்டியலோடு உலவும். காசு விழுந்தால் குரைக்கும். அந்தப் பணம் ரயில்வே ஊழியர்களின் விதவையருக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று. 1896இல் இறந்த ஜிம்மைப் பாடம் செய்து ஐந்தாம் நடைமேடையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கதையைக் கேட்ட குழந்தைகளிடம் அட்டைப்பெட்டியைக் கொடுத்தால் போதும், நாய் முகத்தோடு உண்டியல் தயாராகிவிடும். (நம் மாவட்டத்தின் மேற்கே அதைப் ‘பட்டி உண்டியல்’ என்றுதான் சொல்வார்கள்!) விழாவுக்கு வரும் பெரியவர்கள் அதில் போடட்டும்.

தலைமையாசிரியரின் அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. காப்பகம் பதிவுபெற்றதா, 80ஜி ரசீது தருமா என்று விசாரித்து, ஆசிரியர் ஒருவர் முதலில் நேரில் பார்த்து வருவது நல்லது. பணத்தை ஒருவரே எண்ண வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தெருநாயைத் தொட, பிடிக்க, தீனி போட எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டில் அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அதனால் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று இதைச் சொல்லிவிட்டுச் சேகரிப்பைத் தொடங்குவது பொருத்தம்.

காப்பகம் தரும் ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எத்தனை சாக்கு, எத்தனை கிலோ தாள், எவ்வளவு பணம் என்பதை அதன் கீழே மாணவர்களே எழுதட்டும்.