அம்பாசிடர் ஏன் மிஸ்ஸிங் அடிக்குது?

பொன்மொழி, விடுகதை, கோலம் எல்லாம் நம் சுவர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் கார் இன்ஜின் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் வகுப்பில் பையன்கள் சிரித்தார்கள். முதலில் படிக்கட்டும், பிறகு சிரிக்கட்டும்.

அம்பாசிடர் கார் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து, கொல்கத்தா பக்கத்தில் உள்ள உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்தார்கள். இப்போது புதிதாக வருவது இல்லை. இருக்கிற வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டணும். என் தாய்மாமாவிடம் அப்படி ஒரு பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம், காதுகுத்து, ஆடிப்பூரம் என்றால் வாடகைக்கு ஓடும். அம்மாச்சிக்கு மருந்து வாங்குவது அந்த வாடகையில்தான்.

போன கார்த்திகை மழையில் அந்த வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. மிஸ்ஸிங் என்றால் என்ன? இன்ஜினில் நாலு சிலிண்டர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும், பிஸ்டன் அதை அமுக்கும், ஸ்பார்க் ப்ளக் பொறி தட்டும், அது எரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிறகு புகை வெளியே போகும். நாலும் ஒரே நேரத்தில் எரியாது. 1, 3, 4, 2 என்ற வரிசையில் மாறி மாறி எரியும். கும்மியில் ஒருத்தி மட்டும் கை தட்டாமல் விட்டால் எப்படித் தாளம் தப்புமோ, அதுபோல ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் வண்டி உதறும். மேட்டில் ஏறாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வாடை அடிக்கும்.

மாமா ஒரு பட்டறையில் காட்டினார். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "வால்வு போயிருச்சு, ஹெட்டக் கழட்டணும், இருபதாயிரம் ஆகும்" என்றார்கள். மாமா வீட்டுக்கு வந்து, பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாச்சி அன்று சாப்பிடவே இல்லை.

என் பெரியப்பா ராஜபாளையத்தில் ரொம்ப வருசம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். "ஏன் மாப்ள, நாடியே பிடிச்சுப் பாக்கல, அதுக்குள்ள ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாகளா?" என்றார். மாமா, "நீங்களே பாருங்க அத்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். என்னையும் பக்கத்தில் நிற்க விட்டார்கள். ஆனால் சடையை மடித்துக் கட்டி, துப்பட்டாவை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்த பிறகுதான். ரேடியேட்டர் ஃபேன் துணியைப் பிடித்தால் விடாது.

பெரியப்பா ஒரு ஸ்பானர்கூட எடுக்கவில்லை. முதலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தாயி, நம்ம வீட்ல மட்டும் கரண்ட் இல்லன்னா எங்க பாப்ப? தெருவே இருட்டா இருந்தா எங்க பாப்ப?" நம் வீடு மட்டும் என்றால் ஃபியூஸைப் பார்ப்பேன், தெருவே இருட்டு என்றால் டிரான்ஸ்ஃபார்மர். "அம்புட்டுதான் இதுவும்" என்றார்.

எனக்கு அது உடனே புரியவில்லை, அதனால் விளக்கமாக எழுதுகிறேன். கார்புரேட்டர், பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர் இதெல்லாம் நாலு சிலிண்டருக்கும் பொது. இதில் கோளாறு என்றால் நாலும் தடுமாறும். ஸ்பார்க் ப்ளக், அதற்கு வரும் ஒயர், அந்த ஒயர் சொருகும் முனை, அந்த சிலிண்டரின் வால்வு இதெல்லாம் தனித்தனி. ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் சாகிறதா, எல்லாமே திணறுதா என்று தெரிந்தால் பாதி இடத்தைத் தேடவே வேண்டாம்.

இன்ஜினை ஓட விட்டு, பிடியில் ரப்பர் போட்ட கொறடால் ஒவ்வொரு ப்ளக் ஒயரையும் கழற்றிக் கழற்றி மாட்டினார். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஷாக் தூக்கி அடிக்கும்.) முதல் ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் உதறியது. அப்படியென்றால் அது நல்லா வேலை செய்து கொண்டிருந்த சிலிண்டர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் மாறவே இல்லை. ஏற்கெனவே செத்துப்போனதைக் கழற்றினால் என்ன மாறும்? நாலாவது நன்றாக இருந்தது.

பிறகு நாலு ப்ளக்கையும் கழற்றித் திண்ணையில் வரிசையாக வைத்தார். மூன்று ப்ளக்கின் நுனி நம்ம ஊர் பால்கோவா நிறத்தில் இருந்தது. அதுதான் சரியான நிறமாம். மூன்றாவது சிலிண்டரின் ப்ளக் மட்டும் கருத்து, நனைந்து, பெட்ரோல் வாடை. பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை. பெட்ரோல் வரவே இல்லை என்றால் காய்ந்து இருக்கும்.

வால்வு போயிருச்சு என்றார்களே, அதையும் பார்த்தார். ப்ளக் ஓட்டையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாமாவை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். காற்று 'புஸ்'ஸென்று விரலைத் தள்ளியது. நாலிலும் ஒரே மாதிரி தள்ளியது. வால்வு எரிந்து போயிருந்தால் அந்த சிலிண்டரில் மட்டும் காற்று அப்படித் தள்ளாது. மாமா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

மிச்சம் இருப்பது பொறி. 12 வோல்ட் பேட்டரியில் பொறி தாவாது. காயிலில் இரண்டு சுற்றுக் கம்பிகள் உண்டு. பாயிண்ட் திறக்கும்போது முதல் சுற்றில் கரண்ட் சட்டென்று நிற்கும், உடனே இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அதை நாலு சிலிண்டருக்கும் பங்கு வைக்கும் பெட்டிக்கு மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்று பெயர் சொல்கிறார்கள். அது ஏதோ தமிழ்ப் பட்டறை வார்த்தை என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கூட்டாக ஆரம்பித்த கம்பெனியின் பெயர் அது. அவருடைய இக்னிஷன் 1910-ல் காடிலாக் காரில் வந்தது. அந்தப் பெயர் எப்படியோ கடல் தாண்டி நம்ம ஊர்ப் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரியும், அதாவது 1500 தடவை. நாலுக்கும் 6000. ஒரு விநாடிக்கு 100 பொறி! கண் சிமிட்டுவதற்குள் எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா மூன்றாவது ப்ளக்கையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறு ப்ளக்கோடு இரண்டாவதுக்குப் போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. ப்ளக் மேல் தப்பில்லை. வேறு ஒயர் போட்டார். அப்போதும் அதே. கடைசியில் டெல்கோ மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நம்பர் முனையிலிருந்து மூடியின் விளிம்பு வரை மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. பென்சிலால் இழுத்த மாதிரி. துணியால் துடைத்தால் போகவில்லை.

மூடி பேக்லைட்டில் செய்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மழை ஈரத்தில் பொறி அதன் மேல் கள்ளத்தனமாக ஓடி, ஓடின தடம் கருகிக் கரியாகிவிட்டது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் கரிதான் என்று வேதியியலில் படித்தோமே. தண்ணீருக்கு வாய்க்கால் கிடைத்த மாதிரி, மூன்றாவது ப்ளக்குக்குப் போக வேண்டியது எல்லாம் அந்தக் கோட்டின் வழியாக வண்டியின் இரும்பு உடம்புக்கு இறங்கிவிட்டது. காலையில் பனி ஈரத்தில் வண்டி அதிகமாக உதறி, சூடானபின் கொஞ்சம் தேறியதற்கும் இதுதான் காரணம்.

உடனே கடைக்கு ஓடவில்லை. பிளேடால் அந்தக் கோட்டைச் சுரண்டி, மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தார். நாலு சிலிண்டரும் ஒரே சீராகப் பேசின. மாமா ஒன்றும் சொல்லாமல் பானட்டைத் தடவிக்கொண்டே நின்றார். சுரண்டினது தற்காலிகம்தான், கோடு திரும்ப வரும் என்று பெரியப்பா சொன்னதால், மறுநாள் மதுரையில் பழைய உதிரிப் பாகம் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்கு வேறு மூடி வாங்கிப் போட்டார்கள். தை மாத முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் வண்டி ஓடியது.

இப்போது வரும் கார்களில் பாயிண்டும் இல்லை, டெல்கோவும் இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனிக் காயில், மிஸ்ஸிங் என்றால் கம்ப்யூட்டரே விளக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் காயிலை இடம் மாற்றிப் பார்க்கும் வேலை அங்கேயும் உண்டு என்று பெரியப்பா சொன்னார்.

பழைய மூடியைக் காயலான் கடைக்குப் போடாமல் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறிவியல் டீச்சர் அனுமதியோடு ஆய்வக மேசையில் வைத்திருக்கிறேன். சன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். சுரண்டின இடத்தின் ஓரத்தில் கறுப்புத் தடம் இன்னும் கொஞ்சம் தெரியும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி