அம்மாவை மறுநாளே ஏன் நடக்கச் சொல்கிறார்கள்?

முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே அம்மாவை நடக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதறத்தான் செய்யும். ஆனால் படுத்தே கிடந்தால் கால் சிரைகளில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி கட்டலாம்.

எலும்பு கூடும் முன்பே நடப்பது எப்படி? டைட்டானியம் திருகுகளும் கம்பிகளும் கட்டடத்துச் சாரம் போல முள்ளெலும்புகளைப் பிடித்துக்கொள்கின்றன. இடையில் வைத்த எலும்புத் துண்டுகளைப் பற்றிப் புது எலும்பு வளர்ந்து இறுக மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட. எலும்பு கூடாமலே போனால், ஓயாத அசைவில் உலோகமே தளர்ந்து முறியக்கூடும். குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பது அதனால்தான். அப்பாவுக்கு நடந்த அறுவை என்றால் பீடி, சிகரெட்டைக் கட்டாயம் நிறுத்தவையுங்கள்: நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

சிறுநீர் திடீரென அடைத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.