நுரை எழாதது எதனால்?

முதன்முறை சவரக்கத்தி ஏந்தும் இளைஞர் கன்னத்திற் கீறலுடன் வகுப்புக்கு வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வினவினால், "சவர்க்காரம் நுரைக்கவில்லை, ஐயா" என்பர். அதே மாணவர் வன்னீரைப் பற்றிப் பரீட்சையிற் பிழையின்றி எழுதியவரே!

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், குற்றம் பெரும்பாலும் சவர்க்காரத்தினது அன்று, கிணற்றினது. கல்லடி, ஆரையம்பதி போன்ற ஊர்களின் மணற்றரையில் ஊறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கோடையில் நன்னீர் குறையக் கிணறு உவர்க்கும். அந்நீரிலுள்ள கல்சிய, மகனீசிய உப்புகள் சவர்க்காரத்துடன் கூடிக் கரையாத கசடாகின்றன. அவ்வுப்புகள் தீரும்வரை நுரை எழாது.

ஆகவே, வடகீழ்ப் பருவமழை கூரையைக் கழுவியபின் விழும் நீரைப் பிடித்து மூடி வைத்தல் நன்று. ஒரு சவரத்துக்கு ஒரு கோப்பை போதும்.

அந்நீரை இளஞ்சூடாக்கி, முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்தல் வேண்டும். மயிர் நீரை உறிஞ்சி மென்மையுறும். பின் பிரஷை நனைத்து உதறிச் சவர்க்காரத்தின்மேல் அரை நிமிடம் சுழற்றுக. பசைபோல் வந்ததும், சில துளி நீர் சேர்த்து முகத்தில் வட்டமாகத் தேய்க்க. பெருங்குமிழிகள் தோன்றின் நீர் மிகை. உலர்ந்து ஒட்டின் நீர் குறைவு. நம்மூர் எருமைத் தயிர்போற் பளபளத்து நின்றால் அதுவே பதம். மயிர் வளரும் திசையிலேயே கத்தியை மெல்ல இழுத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, படித்த பாடம் விடைத்தாளோடு நின்றுவிடாது, கன்னத்துக்கும் காவலாகட்டும்!