காலங்கடந்த கௌரவமும் ஒரு மாதத் தவணையும்

பேராதனைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை உலாவச் செல்பவர் எவரும், மகாவலி வளைந்தோடும் கரையோரமாக, வெயிலும் மழையும் இல்லாத வேளையிலும் விரித்துப் பிடித்திருக்கும் குடைகளைக் காணாமல் திரும்புவதில்லை. ஒவ்வொரு குடைக்குள்ளும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உலகத்தை மறந்து அமர்ந்திருப்பர். காவலாளி கண்டும் காணாதவர்போல் நடந்துவிடுவார். பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். இதே புல்வெளிகளுக்குத்தான் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தார் என்பதும், மரங்களுக்கிடையே எழுந்த தற்காலிகக் கொட்டகைகளில் தட்டெழுத்துப் பொறிகளின் முன்னும் சங்கேதச் செய்திகளின் முன்னும் அமர்ந்திருந்தவர்களுள் ‘ரென்’ என்று அழைக்கப்பட்ட பிரித்தானிய மகளிர் கடற்படைச் சேவையின் இளம்பெண்களும் இருந்தார்கள் என்பதும் குடைக்காரர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அப்பெண்களுள் ஒருத்தியை ஒருத்தி நேசித்தவர்களும் இருந்திருப்பர் என்று எண்ணுவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பெருந்திரளாக மனிதர் கூடுமிடத்தில் மனித சுபாவத்தின் சகல பேதங்களும் கூடவே வந்து சேரும். பிரித்தானியாவில் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவைச் சட்டம் ஒருபோதும் குற்றமாக்கியதில்லை. 1921ஆம் ஆண்டு அப்படியொரு முயற்சி எழுந்தபோது, சட்டத்தில் எழுதிவைத்தால் அறியாத பெண்களும் அறிந்துகொள்வரே என்ற விசித்திரமான அச்சத்தினால் பிரபுக்கள் சபை அதை நிராகரித்துவிட்டது. இதனால் பெண்களுக்கு க்ஷேமம் விளைந்ததென்று நினைப்பது பிழை. குற்றம் இல்லையாதலால் நியாயஸ்தலம் இல்லை. நியாயஸ்தலம் இல்லையாதலால் எதிர்வாதமும் இல்லை. படைச் சேவையில் அகப்பட்ட பெண் பெரும்பாலும் நிர்வாக உத்தரவொன்றினால், ஒரு துண்டுக் கடதாசியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

1967 ஜூலை 27ஆம் திகதி இங்கிலாந்தில் சிவில் பிரஜைகளான ஆண்கள் தமக்குள் கொள்ளும் உறவு குற்றம் என்ற நிலை ஒருவாறு நீக்கப்பட்டபோதும், ஒரே பாலாரை நேசிப்போருக்கு முப்படைகளில் இருந்த தடை தொடர்ந்தது. 2000 ஜனவரி 12 வரை அது நீங்கவில்லை. அக்காலத்தில் இராணுவப் பொலிஸின் விசேஷ விசாரணைப் பிரிவு, பெண்களின் தங்குமிடங்களைச் சோதனையிட்டது. கடிதக் கட்டுகளைப் பிரித்து வாசித்தது. வாய்கொண்டு சொல்லக் கூசும் கேள்விகளை மணிக்கணக்காகக் கேட்டது. சிநேகிதிகளின் பெயர்களைச் சொல்லும்படி நெருக்கியது. பதவி போயிற்று, பலருக்கு ஓய்வூதியமும் போயிற்று. இத்தகைய விசாரணைக்குப் பின் 1994இல் விமானப் படையிலிருந்து நீக்கப்பட்ட தாதி ஜெனட் ஸ்மித், கிரேம் கிரேடி என்னும் சக வீரரோடு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடினார். 1999 செப்டெம்பர் 27ஆம் திகதி அந்நீதிமன்றம், தனிவாழ்வுக்கான அவர்களது உரிமை மீறப்பட்டதென்று தீர்த்தது. மறு வருஷம் தடை எடுபட்டதற்கு அரசின் பெருந்தன்மையைவிட இவ்வழக்கே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தடை எடுபட்டும் மன்னிப்பு வர இருபத்துமூன்று ஆண்டுகள் பிடித்தன. இத்தடையின் விளைவுகளை ஆராய்ந்த எதர்டன் பிரபுவின் அறிக்கை வெளியான 2023 ஜூலை 19ஆம் திகதியன்று பிரதமர் ரிஷி சுனக் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2024 டிசெம்பரில் 75 மில்லியன் பவுண் நிதியோடு ஒரு திட்டம் திறக்கப்பட்டது: நீக்கப்பட்டவருக்கு 50,000 பவுண், துன்புறுத்தலின் தன்மையையொட்டி மேலும் 20,000 பவுண் வரை. பறிக்கப்பட்ட பதக்கங்களும் திரும்பின. 2025 ஒக்டோபர் 27ஆம் திகதி ஸ்டாஃபோர்ட்ஷயரிலுள்ள தேசிய நினைவுத் தோட்டத்தில் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். கசக்கி எறிந்து மீண்டும் பிரித்தெடுத்தது போன்ற ஒரு கடிதம் அது, வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. எந்தக் கடிதங்கள் சாட்சியமாகக் கைப்பற்றப்பட்டனவோ அந்தக் கடிதமே சின்னமாயிற்று.

இத்திட்டத்தின் வாசலில் நிற்கும் திகதிகளைக் கவனியுங்கள். 1967 ஜூலை 27க்கும் 2000 ஜனவரி 11க்கும் இடையே சேவை செய்தவருக்கே அது உரியது. பேராதனைக் கொட்டகைகளிலிருந்து எவளேனும் அவ்வாறு அனுப்பப்பட்டிருந்தால், அவளுக்கு அங்கே இடமில்லை. பிரித்தானியாவில் குடியேறி அக்காலத்தில் அந்நாட்டுப் படைகளில் சேர்ந்த உறவினர் எவருக்கேனும் இந்நிலை நேர்ந்திருந்தால், திட்டம் திறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளே விண்ணப்பகாலம் என்பதை அவர்களுக்கு அறிவியுங்கள்.

இனி நமது சட்டத்துக்கு வருவோம். கதை இங்கே தலைகீழாகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள, ஒரே பாலாரின் உறவைத் தண்டிக்கப் பயன்படும் 365அ பிரிவு, நெடுங்காலம் ஆண்களை மட்டுமே குறித்தது. பிரித்தானியன் தன் ஊரில் தொடாத பெண்ணை இங்கும் தொடவில்லை. 1995இல், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பளித்த அதே 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அப்பிரிவிலிருந்த ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஆள்’ என்று வைத்தது. பிரிவை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் சமத்துவமாக இழுத்துவிட்ட இவ்விந்தையை என்னவென்பது! இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1979இல் அமைக்கப்பட்ட இலங்கை இராணுவ மகளிர் படையணியில் சீருடை அணிந்திருக்கும் பெண்ணுக்கும், கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கும் இது ஒன்றே. பூங்காக் குடையின் கீழ் இரண்டு பெண்கள் அமர்ந்தால் சிநேகிதிகள் என்று எவரும் கடந்துபோவர். ஆனால் அவர்களுள் ஒருத்தியின் கைத்தொலைபேசி தவறான ஆளின் கையில் சிக்கினால், அங்குதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. இப்பிரிவின் கீழ் சிறை செல்பவர் அரிதானாலும், பொலிஸில் சொல்வேன், வீட்டில் சொல்வேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு அது எப்போதும் கையிலிருக்கும் ஆயுதம். அப்படி மிரட்டுவதும் அதே சட்டக்கோவையில் குற்றம் என்பதைப் பலர் அறியார்.

2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஆண்கள் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், வயதுவந்தோர் சம்மதத்துடன் செய்வதை அரசு கண்காணிக்கலாகாது என்ற தற்கால சிந்தனையை ஏற்றுச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. எனினும் குற்றம் குற்றமாகவே நின்றது. 2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழு, இலங்கையரான ரொசானா பிளேமர் கல்தேராவின் முறைப்பாட்டில், பெண்களின் இவ்வுறவைக் குற்றமாக்குவது அவரது உரிமைகளை மீறுகிறதென்று கண்டது. இக்குற்றத்தை நீக்கப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மேயில் உயர் நீதிமன்றத்தின் நிர்ணயம் வந்தபோதும், 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாயிற்று.

ஆயினும் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பொலிஸார், படை, அரசாங்கத் திணைக்களம் ஆகியன இழைக்கும் பாரபட்சத்துக்கு எதிராக, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். தனியார் முதலாளிக்கு எதிராக இவ்வழி பொருந்தாது. சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையில் பால்நாட்டம் என்ற சொல் இல்லாவிடினும், அது அதில் அடங்கும் என்று 2014இல் நமது அரசாங்கமே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் குழுவிடம் கூறியிருக்கிறது. அதைத் தாராளமாக எடுத்துக்காட்டலாம். கைது செய்தால் காரணம் சொல்லவேண்டும். அடித்துச் சித்திரவதை செய்தால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு வருஷச் சிறை.

எல்லாவற்றுக்கும் மேலாக நினைவிலிருக்க வேண்டியது தவணை. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரே மாதம். கண்டியிலிருந்து கொழும்பு புதுக்கடைக்குச் சட்டத்தரணியைத் தேடிப்போய், வீட்டாருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று மனம் கலங்கி, பேருந்துக்குச் சில்லறை பார்ப்பதற்குள் அந்த மாதம் கழிந்துவிடும். ஆகையால் முதலில் கண்டியிலேயே உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயத்துக்குச் செல்லுங்கள். ஆணைக்குழுவை அமைத்த சட்டம் பிறந்த வருஷமான 1996 என்பதே அதன் அவசரத் தொலைபேசி இலக்கமும். அவ்வொரு மாதத்துக்குள் அங்கு முறையிட்டால், விசாரணை நடக்குங்காலம் மனுவுக்கான தவணையில் சேராது. முறையிட்டால் மாத்திரம் போதாது, விசாரணை உண்மையில் நடந்திருக்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியிருப்பதால், விசாரணை நிலுவையிலுள்ளதென்று ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் பெறுவது அவசியம். ஆணைக்குழு சிபாரிசுதான் செய்யும், தண்டிக்காது. வழக்குச் செலவுக்கு வகையற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடலாம். சேவையிலிருந்து விலக்கிய கடிதத்தில் காரணம் தெளிவில்லையாயின், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய கோப்பைக் கேளுங்கள். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் அம்மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

முறைப்பாட்டை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஒன்றைக் கையளித்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.